அவசரம் ஒண்ணரை

என் அரை டிக்கெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வீடும் நின்ற இடத்திலேயே நிற்கிறது, நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன், அது பொய்யென்றால் பதிலில் கொஞ்சம் பூசி மெழுகி எழுது. கடிதம் தாமதம்தான், தெரியும். அன்றைக்குப் போனில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டதும் "லைன் விட்டு விட்டுக் கேக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன் அல்லவா, லைனெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் இங்கே வந்த பிறகு அப்பா என்னை நினைச்சாராம்மா, ஒரு தடவையாவது என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா என்று கேட்டாய். நினைத்தார் நினைத்தார் என்று அளந்துவிட எனக்குத் தெரியாதா, ஆனால் என் பொய்யை நீ குரலிலேயே பிடித்துவிடுவாய். உண்மையைச் சொல்லலாம் என்றால் கையில் ஒன்றும் இருக்கவில்லை. உனக்கே தெரியும், அவர் போனை எடுத்தால் "சாப்டியா, சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்", அவ்வளவுதான். வீட்டில் உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய் ஏதாவது ஒரு ஸ்க்ரூவை முடுக்குவார். நீ போன பிறகு நம் வீட்டில் ஆடிக்கொண்டிருந்த நாற்காலி, மேசை, கதவு எல்லாம் கெட்டியாகிவிட்டன. அதை ஒரு பதில் என்று எப்படி உனக்கு எழுதுவது, அதனால்தான் எழுதவில்லை. இப்போது சொல்வதற்கு ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் அது வந்த விதம் சரியான விதமில்லை, நடுவில் பயந்து போனை எடுக்காமல் முழுவதையும் படி.

முதலில் சின்னச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, ஆள் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனதோடு சரி. மருந்துக் கடையில் என்னோடு நிற்கும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாத்திரை அட்டையை எடுக்கச் சொன்னால் மாப்பிள்ளை படத்தை எடுத்துக் காட்டுகிறாள். அத்தை வாரம் தவறாமல் வருகிறாள், தம்பி இல்லாத வீட்டில் நான் ஒற்றையாய் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, வந்ததும் ஜன்னலைச் சாத்துகிறாள். "கீழ இருக்கற அந்தச் சாப்பாட்டுக் கடைச் சத்தம் காதுல விழுந்துகிட்டே இருந்தா உனக்குக் கழண்டுடும்டி, வீட்ட மாத்து" என்கிறாள். உன் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. சாப்பாட்டுக் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, தட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து வந்துவிடுகிறேன், பார்சல்தான் என்று சொன்னாய். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவது ஒரு சாப்பாடா. தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, இதை நான் அம்மாவாகச் சொல்லவில்லை, மருந்துப் படிப்பு படித்தவளாகச் சொல்கிறேன், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதி வாங்கிய பட்டம் அது, கொஞ்சம் மதிப்புக் கொடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் சீட்டில் எழுதி வாங்கும் பழக்கம் கிடையாது, ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் முதலாளி ஒரு பேர் வைப்பார், அந்தப் பேரைச் சொன்னால் அவர் எப்போதும் சாப்பிடுவது தட்டில் வந்து நிற்கும், உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரிமாறுகிறவர், அவருக்கும் கடையில் பேர் ரேடியோதான், சமையல் ஜன்னலைப் பார்த்து "டீச்சர் ஒண்ணு" என்றால் மிளகு போட்ட சூப், "தபால் ஒண்ணு" என்றால் வெண்ணெய் தடவாத ரொட்டியும் டீயும். ஆள் ஊரைவிட்டுப் போனாலோ போய்ச் சேர்ந்தாலோ பேரை இறக்கிவிடுவார்கள். டீச்சர் போன பிறகு அந்த சூப்பை யார் கேட்டாலும் மிளகு சூப் என்றுதான் குரல் போகிறது, கவனித்திருப்பாய். உன் அப்பாவுக்கு வைத்த பேர் அவசரம். லிஃப்ட் மெக்கானிக், உட்காரும்போதே "கொஞ்சம் அவசரம்" என்பார், பிறகு ஆற அமர உட்கார்ந்துதான் சாப்பிடுவார், யாரோ நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு போன் மேல் போன் போட்டாலும் மஞ்சள் கருவை ரொட்டியால் துடைத்து முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். கேட்டால் "உள்ள இருக்கறவங்க எங்க ஓடிடப் போறாங்க" என்பார். இரண்டு முட்டை உடையாமல், ரொட்டி ஓரம் கருகும் வரை வாட்டி, ஒரு கைப்பிடி வறுத்த உருளைக்கிழங்கு, அதுதான் அவசரம். நீ கூடப் போக ஆரம்பித்ததும் உனக்கு ஒரு முட்டை, ஓரம் வெட்டின ஒரு ரொட்டி, சின்ன ஸ்பூன், முதலாளி உன்னை அரை டிக்கெட் என்றார், ரேடியோ குரல் "அவசரம் ஒண்ணரை" என்று ஆகிவிட்டது. நீ தாவணி வயதுக்கு வந்து முழுத் தட்டு சாப்பிட ஆரம்பித்த பிறகும் பேர் மட்டும் அரையிலேயே நின்றது, அதற்கு நீ ரேடியோவிடம் சண்டை போட்டது இன்னும் அங்கே பேச்சு.

நீ வெளியூர் போனாய். அதற்குப் பிறகும் என் வார விடுமுறை நாளில் வீட்டில் இருந்தால் மதியம் கீழேயிருந்து அதே குரல்தான் வரும், அவசரம் ஒண்ணரை. பெண்தான் போய்விட்டாளே, இன்னும் எதற்கு ஒன்றரை, மனுஷன் உன் பங்கையும் சேர்த்து இழுக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வேளைக்கு மூன்று முட்டையா, உங்கள் வயதுக்கு ரத்தக் குழாய் என்னத்துக்கு ஆகும் என்று பாடம் எடுப்பேன். "ஒண்ணுதான்டி என்னுது" என்று சிரிப்பார், மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு போன மழைக்காலத்தில், லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில் படியேறிப் போனவர் பாதி மாடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை, அதை உனக்கு மறுபடி சொல்ல வேண்டாம். அதிலிருந்து கீழே அந்தக் குரல் நின்றுவிட்டது. முதலாளி பேரை இறக்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் யாரும் கூப்பிடவில்லை. மதியம் அந்த நேரம் வந்தால் காது தானாகக் கூராகிவிடும், தட்டு, தண்ணீர், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் கேட்கும், அது மட்டும் கேட்காது.

போன மாதம் என் விடுமுறை நாள். பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், அவருடைய பழைய சட்டைதான், துவைக்க வேண்டிய அவசியமில்லை, சும்மா துவைத்தேன். கீழேயிருந்து ரேடியோ குரல், எப்போதும் போலவே, இழுக்காமல் தடுமாறாமல், "அவசரம் ஒண்ணரை". உள்ளேயிருந்து சமையல் மாஸ்டரும் எப்போதும் போல "ஆச்சு" என்றார். நீ என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி, அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை, பயம் வரவில்லை, மூன்று முட்டையா என்று கோபம்தான் வந்தது. கோபத்தோடேயே படியிறங்கிவிட்டேன். பாதிப் படியில்தான் அவர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது, கால் அதைக் கேட்கவில்லை, அது பாட்டுக்கு இறங்கியது. கடை வாசலில் போய் நிற்கிறேன், கை ஈரம், துணி க்ளிப் ஒன்று முந்தானையில் தொங்குகிறது. அவருடைய மேசையில், அவருடைய நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தர். அதே சாம்பல் நிறச் சட்டை, முதுகில் அதே கம்பெனிப் பேர், காலடியில் அதே மாதிரி பை. அப்புறம்தான் பார்த்தேன், அந்தச் சட்டையில் பெட்டியில் மடித்து வைத்த மடிப்புக் கோடு இன்னும் போகவில்லை.

அப்பா இடத்துக்குக் கம்பெனி அனுப்பின புது மெக்கானிக் அவன், முப்பது வயது இருக்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கடைக்குள் வந்திருக்கிறான். உட்கார்ந்ததும் "முட்டை, ரொட்டி ஏதாவது குடுங்க, கொஞ்சம் அவசரம்" என்றிருக்கிறான். ரேடியோ அந்தப் பக்கம் திரும்பி மேசை துடைத்துக்கொண்டிருந்தவர், ஓரக்கண்ணில் சாம்பல் சட்டை, காதில் அந்தச் சொல், வாய் தானாகக் கத்திவிட்டது, உள்ளே மாஸ்டர் கை தானாகச் செய்துவிட்டது. தட்டை வைத்த பிறகுதான் இருவருக்கும் உறைத்திருக்கிறது. நான் போய் நின்றபோது ரேடியோ தட்டு ஏந்தின கையை இறக்காமல் நிற்கிறார், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்கு முன்னால் முழுத் தட்டு. எதிரே, யாரும் உட்காராத நாற்காலியைச் சற்று வெளியே இழுத்துவிட்டு, அதற்கு நேராக ஒரு சின்னத் தட்டு. ஒரு முட்டை, ஓரம் வெட்டின ரொட்டி, சின்ன ஸ்பூன். ஆவி போய்க்கொண்டிருந்தது.

நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவன் எழுந்து, "ஓ, உங்களுக்குத்தானா, வாங்கக்கா, உக்காருங்க, ஆறிடப் போகுது" என்றான். போய் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது. அவன் இரண்டு வாய் சாப்பிட்டான், போன் அடித்தது, எங்கேயோ யாரோ மாட்டிக்கொண்டார்கள், ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டான். மஞ்சள் கரு அப்படியே தட்டில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உன் அப்பா இல்லை என்று உடம்பு முழுக்க உறைத்தது. ரேடியோவிடம் இந்தச் சின்னத் தட்டு என்ன என்று கேட்டேன். "எப்பவும் இப்படித்தான்க்கா வைப்போம்" என்றார். பொண்ணு வெளியூர் போன மறுநாள் இவர் புத்தியாக "அவசரம் ஒண்ணு" என்று குரல் கொடுத்திருக்கிறார், அப்பா எழுந்து சமையல் ஜன்னல் வரை வந்து "ஒண்ணரைடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாராம். "அதுக்கப்புறம் நான் மாத்தலக்கா. அவரு எழுந்திருக்கற வரைக்கும் அந்தத் தட்ட யாரும் தொட மாட்டோம். போறப்ப, இன்னிக்கும் வரல, நீ சாப்டுடு ரேடியோம்பாரு." சொல்லிவிட்டு வயிற்றைத் தட்டிக் காட்டி, "இந்தத் தொப்பை பூரா உங்க பொண்ணோட பங்குதான்" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், சொல்லிவிட்டுத் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். சொன்னாரா என்று கேட்டாய், சொல்லவில்லை. தினமும் உனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்.

இதை உடனே எழுதியிருக்கலாம், ஆனால் அன்றிலிருந்து நான் ஒரு நிலையில் இல்லை. மருந்துக் கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்லும் வார்த்தை என்னவென்று நினைக்கிறாய், "கொஞ்சம் அவசரம்ங்க". இவ்வளவு நாள் காதில் விழுந்து போய்க்கொண்டிருந்த வார்த்தை, இப்போது ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்த கையோடு இரட்டிப்பு பலமுள்ள மாத்திரையை எடுத்து நீட்டிவிட்டேன், கல்யாணப் பெண்தான் பார்த்துத் தடுத்தாள். அன்றைக்கு அத்தை சொன்னது சரிதானோ என்று பயந்துவிட்டேன். வீட்டிலும் அப்படித்தான், தண்ணீர் கொதித்தால், கதவு முனகினால், கீழே குரல் வருமோ என்று அப்படியே நின்றுவிடுகிறேன், வந்துவிடுமோ என்று பயமா, வராதோ என்று பயமா, எனக்கே சொல்லத் தெரியவில்லை. முதலாளி ஒரு நாள் மேலேறி வந்தார், உட்காரவில்லை, நின்றபடியே, "தப்பு நடந்துபோச்சும்மா. அந்தப் பேர இறக்கிடட்டுமா, இல்ல இருக்கட்டுமா, நீங்கதான் சொல்லணும். இறக்கிட்டா மறுபடி ஏத்தற பழக்கம் நம்ம கடைல கிடையாது" என்றார். பெண்ணைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொன்ன பிறகும் உனக்கு எழுதக் கை வரவில்லை.

அப்புறம் அந்தப் புதுப் பையனே ஒரு நாள் என் மருந்துக் கடைக்கு வந்து நின்றான், வயிறு எரிகிறது, மாத்திரை வேண்டும் என்று. என்னைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது, யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். எங்கே சாப்பிடுகிறாய் என்றேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கட்டடத்திலேயே படியில் உட்கார்ந்து வெறும் ரொட்டியாம், அதுவும் நேரம் தப்பி. கீழ்க் கடைக்கு ஏன் போவதில்லை என்றால், "போனா யாரோட தட்டையோ எடுத்துக்கிட்ட மாதிரி இருக்குக்கா" என்கிறான். படியில் உட்கார்ந்து என்று அவன் சொன்னதும் எனக்கு உன் அப்பா உட்கார்ந்த படிதான் கண்ணில் வந்தது, உனக்கும் வந்திருக்கும். மாத்திரையைக் கொடுத்து, இதைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும், அதனால் முதலில் சாப்பாடு, அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து என்றேன். அவன் தலையாட்டினான், ஆனால் கீழ்க் கடைக்குப் போகவில்லை. எப்படிப் போவான்.

மறு விடுமுறை நாளில் நானே கீழே போனேன். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். ரேடியோ வந்து டீயா என்றார், இல்லை, எனக்குக் கொஞ்சம் அவசரம் என்றேன். மனுஷர் என் முகத்தையே பார்த்தார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, கத்தாமல், சாதாரணமாகப் பேசுகிற குரலில் அவசரம் ஒண்ணரை என்றார். உள்ளே "ஆச்சு" வர நேரமாயிற்று. இரண்டு தட்டும் வந்தன, எதிர் நாற்காலியை இழுத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டை நான் வாயில் வைத்ததில்லை, திட்டினதோடு சரி. ரொட்டி ஓரம் கசக்கிறது, முட்டையோடு சேர்ந்தால் கசப்பு போய்விடுகிறது, அதற்குத்தான் கருக்கச் சொல்லியிருக்கிறார் போல. மெதுவாகச் சாப்பிட்டேன். எதிரே யாரும் வரவில்லை, நாற்காலி நாற்காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் சின்ன ஸ்பூன் பக்கம் நான் கை நீட்டவில்லை. மஞ்சள் கருவைத் துடைத்து முடித்து எழுந்தபோது என் வாயிலிருந்து, நான் யோசிக்காமல், "இன்னிக்கும் வரல, நீ சாப்டுடு ரேடியோ" என்று வந்துவிட்டது. என் குரல்தான், ஆனால் அதை யார் சொன்னது என்று என்னைக் கேட்காதே. ரேடியோ சின்னத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அத்தையிடம் இதைச் சொல்லிவிடாதே, அன்றைக்கே வண்டியைக் கொண்டு வந்து சாமானை ஏற்றிவிடுவாள்.

ஆக, முதலாளியிடம் நான் சொன்னது இது. ஒண்ணரையில் அந்த ஒண்ணு என் பொறுப்பு, அதை நான் சொல்லலாம். அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவன் பேரும் அவசரமாகவே இருக்கட்டும், பேர் இறங்க வேண்டாம், வேலை செய்கிற ஒருத்தன் சூடாகச் சாப்பிடட்டும். ஆனால் அரை என்னுடையதில்லை, அவருடையதும் இல்லை, அது என் பெண்ணுடையது, அதை வைக்கவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம், அவள் சொல்லட்டும் என்றேன். நீதான் சொல்ல வேண்டும். ஊருக்கு வரும்போது அந்த மேசையில் உட்கார்ந்து சொல்கிறாயோ, வேண்டாம் இறக்கிவிடுங்கள் என்று எழுதுகிறாயோ, எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும் கேட்கிறேன், அதற்குள் அங்கே ஒரு கடைக்குள் போய் உட்கார். பெரிய கம்பெனிக் கடை வேண்டாம், அங்கே நம்பர் போட்டுத்தான் கூப்பிடுவார்கள், முதலாளியே கல்லாவில் உட்காருகிற சின்னக் கடையாகப் பார். தட்டுச் சத்தம் கேட்டு எழுந்து ஓடத் தோன்றினால் ஓடு, மறுநாள் மறுபடி போ. தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒன்றையே கேள், அவர்களாக உனக்கு ஒரு பேர் வைக்கட்டும். ஒரு நாள் நீ போகாவிட்டால் எங்கே அந்தப் பெண்ணைக் காணோம் என்று அந்த ஊரில் ஒருத்தராவது கேட்டால் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் கையும் காலும் நன்றாக இருக்கட்டும், வேலையில் நல்ல பேர் எடு, வயிறு நிறைந்து கண் மூடு, உன் அப்பாவின் ஆசியும் உன் கூடவே இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று இப்போது உனக்குத் தெரியும். மறந்துவிடாதே, மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு, பதில் சாப்பாட்டுக்கு முன்னாலேயே. இதை முடிக்கப் போகும் நேரத்தில் கீழே குரல் கேட்டது, "அவசரம் ஒண்ணு". பையன் வந்துவிட்டான் போலிருக்கிறது. பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். உள்ளேயிருந்து மாஸ்டர், "அரை எங்கடா" என்று கேட்டார். "அரை வெளியூர்ல இருக்கு மாஸ்டர், வந்ததும் சொல்றேன்" என்றார் ரேடியோ.

ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும்,
உன் அம்மா